மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்': அடியிலிருந்து கேட்பது எப்படி

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறவன் நான். குழுவுக்குப் புதிதாக வரும் பையன்களிடம் முதலில் கேட்கச் சொல்வது அமெரிக்கப் பாடகர் மார்வின் கே 1971-இல் வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தைத்தான். ஒரு வாரம் கழித்து வந்து, "நல்லாத்தாண்ணே இருக்கு, ஆனா எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கே" என்பார்கள். விசாரித்தால் போனை மேஜையில் சாய்த்து வைத்து, பாட்டுகளைக் கலைத்துப் போட்டு, நடுவில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்டால் எனக்கும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

இது கோபத்தில் பிறந்த ஆல்பம். போர், வேலையின்மை, போலீஸ் அடி, ஹெராயின், நாசமான ஏரி எல்லாம் இதில் உண்டு. ஆனால் மேலே கேட்கிற குரல் பட்டு மாதிரி. மேலோட்டமாகக் கேட்கிறவர்கள் அந்தப் பட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். கீழே பேஸும் தாளக் கருவிகளும் ஒரு நிமிடம்கூட நிம்மதியாக உட்காராமல் அலைவது காதில் விழுவதில்லை. அதனால்தான் அடியிலிருந்து கேட்கச் சொல்கிறேன். நான் பேஸ் வாசிக்கிறவன் என்பதால் கொஞ்சம் சார்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு முன்

முதலில் சரியான பதிப்பைத் தேடி எடுங்கள். ஒரே அட்டைப்படத்தோடு நாலைந்து பதிப்புகள் வரும். சிலவற்றில் கூடுதல் கலவைகள், மேடைப் பதிவுகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். நமக்கு வேண்டியது அசல் ஒன்பது பாட்டு, மொத்தம் 35 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 'ரைட் ஆன்' என்ற பாட்டு மட்டும் ஏழரை நிமிடம் ஓடும், மற்றதெல்லாம் சின்னது. கடைசிப் பாட்டு 'இன்னர் சிட்டி புளூஸ்'. அதற்கு மேல் ஓடினால் நிறுத்திவிடுங்கள்.

ஷஃபிளை அணைப்பது கட்டாயம். அசல் ரெக்கார்டின் முதல் பக்கத்தில் உள்ள ஆறு பாட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒன்று அடங்குவதற்குள் அதன் வால் அடுத்ததன் தலைக்குள் போய்விடும். கலைத்துப் போட்டால் ஒவ்வொரு பாட்டும் பாதி வாக்கியத்தில் தொடங்கிப் பாதி வாக்கியத்தில் முடிகிற மாதிரி இருக்கும். செட்டிங்ஸில் 'கிராஸ்ஃபேட்' (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) இருந்தால் அதையும் அணைத்துவிட்டு, 'கேப்லெஸ்' (இடைவெளி விடாமல் ஓட்டுவது) என்பதை மட்டும் போட்டு வையுங்கள். இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு நடுவில் விளம்பரம் வரும். இந்த ஆல்பத்தில் அது தாங்காது. யாராவது நண்பரிடம் காசு கட்டிய கணக்கு இருக்கும், 35 நிமிடத்துக்குக் கடன் கேளுங்கள்.

அப்புறம் ஹெட்போன். விலை உயர்ந்தது வேண்டாம், காதை நன்றாக மூடுகிறதாக இருந்தால் போதும். நாலு கம்பி பேஸின் அடிக் கம்பியைத் திறந்து மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். போனில் இருக்கிற சின்ன ஸ்பீக்கருக்கு அந்த இடம் எட்டவே எட்டாது. பேஸ் வாசிப்பவரை அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். கல்யாண மண்டபத்தில் எதிரொலி வந்தால் சவுண்ட் சர்வீஸ்காரர் முதலில் குறைப்பதும் எங்கள் பேஸைத்தான், அந்த வயிற்றெரிச்சல் தனி. 'பேஸ் பூஸ்ட்' என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது ஊதிப் பெருக்கும், சுரம் சுரமாகப் பிரித்துத் தராது.

முதல் முறை: வார்த்தையை விட்டுவிடுங்கள்

பாடல் வரிகளைத் தேடி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். முதல் தடவை பாட்டு மாறும் இடங்களை மட்டும் கவனியுங்கள்.

தொடக்கமே பாட்டு இல்லை. நாலு பேர் வீட்டுக்குள் நுழைந்து குசலம் விசாரிக்கிற பேச்சுச் சத்தம். ஸ்டுடியோவுக்குள் வேண்டுமென்றே கூட்டிவந்த கூட்டம் அது. அதில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் இருவர், மெல் ஃபாரும் லெம் பார்னியும் இருக்கிறார்கள். மார்வினுக்கு அவர்கள் நெருங்கிய நண்பர்கள். அந்த அணியில் சேர அவரே உடம்பைத் தேற்றிப் பயிற்சி எடுத்துப் பார்த்தார், எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சுச் சத்தத்தின் மேல் ஆல்டோ சாக்ஸபோன் ஒன்று வழுக்கிக்கொண்டு வரும். வாசித்தவர் ஈலை ஃபாண்டெய்ன். வாத்தியத்தைச் சூடுபடுத்த அவர் சும்மா ஊதிப் பார்த்ததுதான் அது. மார்வின் அதுவே போதும் என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

அங்கிருந்து ஆறாவது பாட்டான 'மெர்சி மெர்சி மீ' வரைக்கும் நிறுத்தாமல் போங்கள். அந்தப் பாட்டின் கடைசி அரை நிமிடத்தைத் தவறவிடக் கூடாது. அதுவரை இளம் வெயிலில் நடக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்த பாட்டு, குரல் நின்ற பிறகு திடீரென்று இருண்டுவிடும். கோரஸ் பேய்க்குரலாக மாறும், அடியில் பியானோ உறுமும், அத்தோடு பக்கம் முடியும். 1971-இல் கேட்டவர்கள் அந்த இடத்தில் எழுந்துபோய் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். நீங்களும் அங்கே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு ஏழாவது பாட்டைப் போடுங்கள். அந்த இடைவெளி ஆல்பத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாட்டு. 'ரைட் ஆன்' நீளமானது. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய சுரைக்குடுவையைக் குச்சியால் கீறுகிற சத்தமும் புல்லாங்குழலும் அதை லத்தீன் அமெரிக்கப் பக்கம் இழுத்துப் போகும். எனக்கு அது ஒரு நிமிடம் அதிகம் என்றே படும். அடுத்தது 'ஹோலி ஹோலி', தேவாலயப் பாட்டின் வாசனை. இதை மறு வருடமே அரிதா ஃபிராங்க்ளின் ஒரு தேவாலயத்தில் பாடிப் பதிவு செய்தார். கடைசியில் 'இன்னர் சிட்டி புளூஸ்'. அதன் முடிவில் முதல் பாட்டின் துண்டு ஒன்று திரும்ப வரும். வந்தது காதில் பட்டதா என்று பாருங்கள். பட்டிருந்தால் முதல் சுற்று சரியாக நடந்திருக்கிறது.

இரண்டாம் முறை: பேஸை மட்டும்

இப்போது முதல் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குரலை வேண்டுமென்றே ஒதுக்குங்கள். கஷ்டமாக இருந்தால் பேஸோடு வாயால் "தும் தும்" என்று முனகிக்கொண்டே போங்கள். முனக முடியாமல் தடுமாறுகிற இடங்களில்தான் விஷயமே இருக்கிறது.

வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். தெற்குக் கரோலினாவில் பிறந்து டெட்ராய்டுக்கு வந்தவர். முதலில் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பேஸ் வாசித்தார், அப்புறம் எலக்ட்ரிக்குக்கு மாறினார். 1962-ஆம் வருட ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், கனமான ஃபிளாட்வவுண்ட் (மேல்பரப்பு வழவழப்பான) கம்பிகள். அறுந்தால் தவிர கம்பி மாற்ற மாட்டார். கிடாரின் உடம்பில் கம்பிகள் வந்து தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம். வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று. அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பட்டப்பெயரே இருந்தது.

இந்தப் பாட்டின் பதிவு பற்றி அங்கிருந்தவர்கள் சொல்லிவைத்த கதை ஒன்று உண்டு. ஜேமர்சன்தான் வாசிக்க வேண்டும் என்று மார்வின் பிடிவாதமாக இருந்தார். ஊரில் ஏதோ ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். வந்தவருக்கு ஸ்டூலில் நேராக உட்காரக்கூட முடியாத போதை. தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு வாசித்தார். இதைக் கேட்டதும் பையன்கள் சிரிப்பார்கள், குடித்தால் நன்றாக வாசிக்க வரும்போல என்பார்கள். குடிதான் பிறகு ஜேமர்சனைத் தின்றது. 1983-இல், 47 வயதில் இறந்துபோனார். அதற்குச் சில நாட்கள் முன்னால் அந்த பேஸையும் யாரோ திருடிவிட்டார்கள்.

சரி, கேட்க வேண்டியது என்ன? சாதாரணமாக பேஸ் வாசிப்பவர் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தின்) ஆதாரச் சுரத்தை ஒன்றாம் தட்டில் போட்டுவிட்டுக் காத்திருப்பார். ஜேமர்சன் ஆதாரச் சுரத்தைப் போட்ட கையோடு கிளம்பிவிடுவார். அடுத்த கார்டுக்குப் போகும் வழியில் அரைச்சுரங்களை மிதித்துக்கொண்டு போவார், நடுவில் திறந்த கம்பி ஒன்றைத் தட்டிவிடுவார், கார்டு மாறும்போது மட்டும் சரியாக வந்து நிற்பார். தட்டுகள் பலவும் எதிர்பார்த்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னோ பின்னோ விழும். குரல் "அமைதி, அமைதி" என்று கெஞ்சுகிறது. கீழே ஒரு மனிதர் தூக்கம் வராமல் அறைக்குள் உலாத்திக்கொண்டிருக்கிறார். இந்த ஆல்பத்தின் அரசியலை எனக்கு முதலில் சொன்னது அந்த உலாத்தல்தான், வரிகள் அல்ல.

அதே காதோடு 'மெர்சி மெர்சி மீ', 'இன்னர் சிட்டி புளூஸ்' இரண்டுக்கும் போங்கள். அவற்றில் வாசித்தவர் வேறொருவர், பாப் பாபிட். இவர் அலைவதில்லை. 'இன்னர் சிட்டி புளூஸ்' பேஸ் வரியைக் கவனியுங்கள்: ஒரு சின்ன உருவத்தைப் பிடித்துக்கொண்டு, கையளவு இடத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டு வாடகை, வரி, கடன் என்று மூச்சு முட்டுகிறவன் பாடுகிற பாட்டுக்கு அலைகிற பேஸ் பொருந்தியிருக்காது. ஃபங்க் இசை என்றால் துள்ளாட்டம் என்று நினைக்கிற நண்பர்களுக்கு இந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவேன். ஆட வைக்கும், ஆனால் முகத்தில் சிரிப்பு வராது.

இந்த இருவர் பெயரும் ஆல்பத்தின் உறைமேல் அச்சாகியிருந்தது என்பது பெரிய செய்தி. மார்வினின் ரெக்கார்டுகளை வெளியிட்ட மோட்டவுன் நிறுவனத்தின் ஆஸ்தான வாத்தியக்காரர்கள், ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர், அதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளுக்கு வாசித்தும் உறையில் பெயர் வந்ததில்லை. இந்த ஆல்பத்தில் வந்தது. ஜேமர்சன் பெயருக்கு முன்னால் 'ஒப்பற்ற' என்று அடைமொழி வேறு. மேடையில் பாடகர் பெயரோடு அறிவிப்பை முடித்துக்கொள்கிற ஊரில் வாசிக்கிறவனுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் முறை: எத்தனை மார்வின்?

இந்தச் சுற்றில் குரலைக் கேளுங்கள், ஆனால் எண்ணிக்கொண்டே கேளுங்கள். முதல் பாட்டில் முன்னணிக் குரல் ஒன்றல்ல, இரண்டு. இரண்டுமே மார்வின். ஒருவர் ஒரு வரியை நேராகப் பாடுவார், இன்னொருவர் அதே வரியைக் கொஞ்சம் தள்ளி, வேறு வளைவோடு, சில நேரம் பதில் சொல்வதுபோலப் பாடுவார்.

இது திட்டமிட்டு வந்ததல்ல. மார்வின் ஒரே பாட்டை இரண்டு விதமாகப் பாடி வைத்துவிட்டு, எது தேவலை என்று ஒப்பிட்டுப் பார்க்க இரண்டையும் கேட்டார். ஒலிப்பதிவாளர் கென் சாண்ட்ஸ் தவறுதலாக இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டுவிட்டார். மார்வினுக்கு அது பிடித்துப்போய், இந்த ஆல்பத்துக்கும் அடுத்து வந்தவற்றுக்கும் அதுவே அவர் பாணியாகிவிட்டது. தனக்குத்தானே பேசிக்கொள்கிற ஆளாக அவர் ஒலிப்பது இதனால்தான்.

நாலாவது பாட்டான 'சேவ் த சில்ட்ரன்' பாட்டில் இதன் இன்னொரு வடிவம் இருக்கிறது. ஒரு வரியைப் பேச்சாகச் சொல்வார், அதையே பின்னாலிருந்து பாடுவார். பேசுகிறவர் கவலைப்படுகிறார், பாடுகிறவர் அழுகிறார். ஹெட்போனில் ஒரு முறை பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், அடுத்த முறை பாட்டை மட்டும். இரண்டுக்கும் பின்னால் வயலின் கூட்டம் நிற்கும். அதை எழுதியவர் டேவிட் வான் டி பிட். வாசித்தவர்களில் டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுக்காரர்கள் உண்டு.

நாலாம் முறை: இப்போது வரிகள்

இனி வரிகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அசல் ரெக்கார்டின் உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். அருஞ்சொல் எதுவும் கிடையாது. ஆனால் எந்த நாளில் எந்த ஊரில் பாடியது என்று தெரியாமல் படித்தால் பொதுப்படையான நல்லெண்ணமாகத் தோன்றிவிடும். அதனால் கொஞ்சம் ஊர்க்கதை.

முதல் பாட்டான 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டின் விதை மார்வினுடையது அல்ல. ஃபோர் டாப்ஸ் குழுவின் ஓபி பென்சன், 1969 மே 15-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 'மக்கள் பூங்கா' போராட்டக்காரர்களைப் போலீஸ் அடித்து நொறுக்குவதைக் குழுவின் பேருந்திலிருந்து பார்த்தார். என்னதான் நடக்கிறது இங்கே என்று மனதில் ஓடியதை அல் கிளீவ்லண்டுடன் சேர்ந்து பாட்டாக்கினார். அவருடைய குழுவே வேண்டாம் என்றது, எதிர்ப்புப் பாட்டு எங்களுக்கு எதற்கு என்று. பாட்டு மார்வினிடம் வந்தது. அவர் அதைச் செதுக்கி, தன் வீட்டுத் துக்கத்தையும் உள்ளே வைத்தார். தம்பி ஃபிராங்கி வியட்நாமில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். மார்வினோடு இணைந்து பாடிய டாமி டெரல் மூளைக் கட்டியால் 1970 மார்ச்சில், 24 வயதில் இறந்திருந்தார். அந்த மே மாதம் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போருக்கு எதிராகத் திரண்ட மாணவர்கள்மேல் தேசியக் காவல்படை சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். ஜூனில் இந்தப் பாட்டின் ஒலிப்பதிவு தொடங்கியது.

டெட்ராய்டையும் மறக்க வேண்டாம். 1967 ஜூலையில் ஐந்து நாள் கலவரத்தில் 43 பேர் இறந்த நகரம் அது. வெஸ்ட் கிராண்ட் பூலவார்ட், 2648-ஆம் எண் வீட்டில் இருந்த மோட்டவுன் ஸ்டுடியோவும் அந்தத் தெருக்களும் ஒரே பகுதிதான்.

இரண்டாவது பாட்டு, 'வாட்ஸ் ஹாப்பனிங் பிரதர்', வீடு திரும்பிய சிப்பாயின் பேச்சு. நம் பேஸ்பால் அணி இந்த வருடம் ஜெயிக்குமா, முன்னெல்லாம் ஆடப்போவோமே அந்த இடம் இன்னும் இருக்கிறதா, எங்கே போனாலும் வேலை கிடைக்கவில்லையே என்று நண்பனிடம் கேட்டுக்கொண்டே போகிறான். போர்க்களம் பற்றி அவன் விவரிப்பதே இல்லை. ஆல்பத்தில் என்னை மிகவும் அசைக்கிற வரிகள் இவைதான். மற்றவர்கள் முதல் பாட்டைச் சொல்வார்கள்.

மூன்றாவதான 'ஃபிளையிங் ஹை (இன் த ஃபிரெண்ட்லி ஸ்கை)' பாட்டைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. தலைப்பு ஒரு விமான நிறுவனத்தின் விளம்பர வாசகத்தை வைத்துச் செய்த கேலி. பாட்டு மிதக்கிறது, ஆகாயத்தில் பறக்கிறது. பறப்பது ஹெராயினில். வியட்நாமிலிருந்து அந்தப் பழக்கத்தோடு திரும்பியவர்கள் பலர். ஆல்பம் வெளிவந்த மறுமாதமே அதிபர் நிக்சன் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார்.

'மெர்சி மெர்சி மீ' சுற்றுச்சூழல் பாட்டு. முதல் புவி நாள் 1970 ஏப்ரல் 22-இல் கொண்டாடப்பட்டது. அதே வருடம், டெட்ராய்டை ஒட்டியுள்ள செயிண்ட் கிளேர் ஏரி மீன்களில் பாதரசம் இருப்பது தெரிந்து மீன்பிடிப்பதற்கே தடை வந்தது. ஆகவே மீனில் பாதரசம் என்று அவர் பாடும்போது அது கவிதைக்காகச் சேர்த்தது கிடையாது. அந்த ஊர்க்காரர்களின் தட்டில் இருந்த மீன். இதைத் தெரிந்துகொண்டு அந்த இருண்ட முடிவை மறுபடி கேட்டுப் பாருங்கள்.

'இன்னர் சிட்டி புளூஸ்' ராக்கெட்டில் தொடங்குகிறது. நிலவுக்குச் செலவழிக்கிற பணத்தை இல்லாதவனுக்குச் செலவழியுங்கள் என்று. 1971 பிப்ரவரியில்தான் அப்பல்லோ 14 நிலவில் இறங்கியிருந்தது. மார்ச்சில் மார்வின் இதைப் பதிவு செய்தார்.

நிறுவனம் இதையெல்லாம் எப்படி விட்டது என்று கேட்பீர்கள். எளிதில் விடவில்லை. முதல் பாட்டு மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டிக்குப் பிடிக்கவில்லை. சமூகப் பாட்டே கூடாது என்று அவர் சொல்லவில்லை, 1970-இல் எட்வின் ஸ்டார் பாடிய 'வார்' அவர் நிறுவனத்திலிருந்து வந்து முதலிடம் பிடித்ததுதான். காதல் பாட்டு மன்னனாக விற்றுக்கொண்டிருந்த மார்வினின் சந்தை கெட்டுவிடும் என்பதுதான் அவர் பயம். இது வெளிவராமல் இனி எதுவும் பாட மாட்டேன் என்று மார்வின் உட்கார்ந்துவிட்டார். 1971 ஜனவரியில் பாட்டு வெளிவந்து, ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம். உடனே கோர்டிக்கு முழு ஆல்பம் வேண்டியிருந்தது, அதுவும் சீக்கிரமாக! மீதிப் பாட்டுகள் பெரும்பாலும் அந்த மார்ச்சிலேயே பதிவாகி, மே 21-இல் ஆல்பம் வந்துவிட்டது.

அட்டைப்படத்தையும் ஒரு தரம் உற்றுப் பாருங்கள். டெட்ராய்டில் அவர் வீட்டுக் கொல்லையில் எடுத்தது, ஜிம் ஹெண்டின் எடுத்த படம். பளபளக்கிற கறுப்பு மழைக்கோட்டு, தூக்கிவிட்ட காலர். தலைமுடியிலும் தாடியிலும் நீர்த்துளி நிற்கிறது, கண் வேறெங்கோ. நிறுவனம் மழமழவென்று சிரைத்து, கோட்டு சூட்டில் நிறுத்தி வைத்திருந்த பழைய மார்வினின் உறைகளோடு இதை வைத்துப் பாருங்கள்.

வாசிக்கிறவர்களுக்கு மட்டும்

பேஸ் கற்றுக்கொள்கிறவர்கள் இணையத்தில் நோட்டேஷன் எடுத்து நேராக முதல் பாட்டில் பாய்வார்கள். அவசரம் வேண்டாம். முதலில் பாட்டு முழுக்க ஆதாரச் சுரத்தை மட்டும், ஒரு தட்டுக்கு ஒன்று, வாசியுங்கள். சலிக்கும், சலிக்கட்டும். கார்டு மாறும் இடங்கள் கைக்கு வந்த பிறகு, ஒரு மாற்றத்துக்கு ஒரே ஒரு வழிச்சுரம் சேருங்கள். அதன் பிறகுதான் ஜேமர்சனை இரண்டிரண்டு பார்களாக (தாளச் சுற்றுகளாக) பிரித்து எடுக்க வேண்டும்.

இரண்டு விரல் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பாட்டுக்கு மட்டும் ஒரு விரலால் முயன்று பாருங்கள். கை தானாகவே சில தட்டுகளை அமுக்கமாகவும் சிலதை அழுத்தமாகவும் போடும். அந்த ஏற்றத்தாழ்வில்தான் அவருடைய நடை இருக்கிறது. ஃபிளாட்வவுண்ட் கம்பி விலை அதிகம். வாங்க முடியாவிட்டால் சமையலறை ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் செருகுங்கள், டோனைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். முக்கால்வாசி வந்துவிடும். கிடாரிலிருந்து நேராக மிக்ஸருக்கு இழுங்கள், மோட்டவுன் ஸ்டுடியோவிலும் ஆம்ப் இல்லாமல் நேராகத்தான் பதிவு செய்தார்கள்.

இதற்கு அடுத்து

2001-இல் வந்த விரிவான பதிப்பில் 'டெட்ராய்ட் மிக்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய் மார்வின் மறுபடி கலப்பதற்கு முன்னால் டெட்ராய்டில் செய்த கலவை. அசலைப் பலமுறை கேட்டுப் பழகியவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்பேன், புதியவருக்கு அது குழப்பம். அதே பதிப்பில் 1972 மே 1-இல் வாஷிங்டன் கென்னடி சென்டரில் பாடிய மேடைப் பதிவும் உண்டு. மார்வின் பிறந்து வளர்ந்த ஊர் அது.

வேறு ஆல்பம் வேண்டுமென்றால் கர்டிஸ் மேஃபீல்டின் 'கர்டிஸ்', 1970. இதைவிட நேரடியாகப் பேசும், தாளம் முன்னால் நிற்கும். ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோனின் 'தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்' அதே 1971-இன் நவம்பரில் வந்தது. மங்கலான ஒலி, மனிதரோடு மெஷினும் தாளம் போடும். மார்வின் இன்னும் நம்புகிறார், ஸ்லை நம்பிக்கையை விட்டுவிட்டார், அந்த வித்தியாசம் ஒலியிலேயே கேட்கும். மூன்றாவது ஸ்டீவி வொண்டரின் 'இன்னர்விஷன்ஸ்', 1973. இதில் 'லிவிங் ஃபார் த சிட்டி' பாட்டைக் கேட்கும்போது பேஸ் கிடாரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்தப் பாட்டின் எல்லா வாத்தியத்தையும் ஸ்டீவியே வாசித்தார், பேஸையும் சிந்தசைஸரிலேயே போட்டுவிட்டார். எங்களுக்கெல்லாம் அதில் வேலையே இல்லை.